ஈவன் இஃப், ஈவன் தோ, ஈவன் ஐ: எதை எங்கே வைப்பது?

தமிழில் 'வந்தாலும்', 'அவனும்', 'அவன்கூட' என்று சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்வதை ஆங்கிலம் சொல்லுக்கு முன்னால் 'ஈவன்' என்று வைக்கிறது. இந்த இடமாற்றம் எல்லோருக்கும் சீக்கிரம் பழகிவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம் 'ஆலும்' ஆங்கிலத்தில் மூன்றாகப் பிரிகிறது, நம் 'உம்' இரண்டாகப் பிரிகிறது. எந்தக் கிளையில் போவது என்பதைத் தமிழ் வாக்கியமே காட்டிக்கொடுக்கும். எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

'மழை பெய்தாலும்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை மட்டும் கேட்டு ஆங்கிலத்தில் எதைப் போடுவது என்று முடிவுசெய்ய முடியாது. வாக்கியத்தின் கடைசி வினைவரை போக வேண்டும்.

'மழை பெய்தாலும் போனான்': மழை பெய்ததும் உண்மை, போனதும் உண்மை. 'ஈவன் தோ இட் வாஸ் ரெயினிங், ஹீ வென்ட்.'

'மழை பெய்தாலும் போவேன்': மழை வருமா வராதா தெரியாது, வந்தாலும் கவலை இல்லை. 'ஈவன் இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் கோ.'

'மழை பெய்தாலும் குடை எடுக்க மாட்டார்': அவருடைய வழக்கமே அது. மழை பெய்யும் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். 'ஈவன் வென் இட் ரெயின்ஸ், ஹீ டஸின்ட் டேக் அன் அம்ப்ரெல்லா.'

இதைப் பார்த்துவிட்டு 'இறந்தகாலம் என்றால் தோ, எதிர்காலம் என்றால் இஃப்' என்று மனப்பாடம் செய்துவிடக் கூடாது. 'பணக்காரனாக இருந்தாலும் எளிமையாக இருக்கிறான்' என்பது நிகழ்காலம். ஆனாலும் அவன் பணக்காரன் என்பது தெரிந்த சங்கதி. ஆகவே 'ஈவன் தோ ஹீ இஸ் ரிச்'. இங்கே 'ஈவன் இஃப்' போட்டால், அவனிடம் பணம் இருக்கிறதா என்று சொல்பவருக்கே சந்தேகம் என்று அர்த்தமாகிவிடும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'ஆலும்' சொல்லும் விஷயம் நடந்ததா, நடக்கலாம் என்ற ஊகமா?

ஊகம் என்றால் அது எவ்வளவு தூரத்து ஊகம் என்பதற்கு ஏற்ப வினை மாறும். 'அவன் கேட்டாலும் தர மாட்டேன்' என்பதில் அவன் கேட்க வாய்ப்பு இருக்கிறது: 'ஈவன் இஃப் ஹீ ஆஸ்க்ஸ், ஐ வோன்ட் கிவ் இட்.' கேட்கவே போவதில்லை, சும்மா பேச்சுக்குச் சொல்கிறோம் என்றால் 'ஈவன் இஃப் ஹீ ஆஸ்க்ட், ஐ வுடின்ட் கிவ் இட்.' காலம் கடந்துவிட்டது, 'கேட்டிருந்தாலும் தந்திருக்க மாட்டேன்' என்றால் 'ஈவன் இஃப் ஹீ ஹேட் ஆஸ்க்ட், ஐ வுடின்ட் ஹேவ் கிவன் இட்.' மூன்றிலும் 'ஈவன் இஃப்' பகுதிக்குள் 'வில்', 'வுட்' இரண்டும் வராததைக் கவனியுங்கள். 'ஈவன் இஃப் இட் வில் ரெயின்' என்று எழுதுவதுதான் இந்த இடத்தில் அதிகம் பார்க்கும் பிழை. எதிர்காலம் கடைசி வினையில் வந்துவிடுகிறது. இரண்டு தடவை சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பிழை நேரே தமிழிலிருந்து வருகிறது. 'உடம்பு சரியில்லைன்னாலும், ஆனா வந்துட்டான்' என்று பேச்சில் சொல்கிறோம், யாரும் தப்பு என்பதில்லை. ஆங்கிலத்தில் 'ஈவன் தோ ஹீ வாஸ் சிக், பட் ஹீ கேம்' என்பது வெளிப்படையான பிழை. 'ஈவன் தோ' வந்தால் 'பட்' போக வேண்டும். 'பட்' வேண்டுமென்றால் 'ஈவன் தோ' போக வேண்டும். பள்ளித் தேர்வில் வாக்கிய மாற்றக் கேள்விக்கு மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்: கலவை வாக்கியத்துக்குத் 'தோ', கூட்டு வாக்கியத்துக்குப் 'பட்', தனி வாக்கியத்துக்கு 'இன் ஸ்பைட் ஆஃப்'. ஒன்றோடு ஒன்றைக் கலக்கக் கூடாது. அழுத்தம் வேண்டுமென்றால் இரண்டாம் பகுதியில் 'ஸ்டில்' சேர்க்கலாம்: 'ஈவன் தோ ஹீ வாஸ் சிக், ஹீ ஸ்டில் கேம்.'

'ஈவன் ஹீ வாஸ் சிக், ஹீ கேம்' என்று 'தோ'வை விழுங்கிவிடுவதும் உண்டு. 'ஈவன்' தனியாக இரண்டு வாக்கியங்களை இணைக்காது. அதற்குத் 'தோ', 'இஃப்', 'வென்' ஏதாவது ஒன்று துணைக்கு வேண்டும். எழுத்தில் 'ஈவன் ஆல்தோ'வையும் தவிர்த்துவிடுங்கள். 'ஆல்தோ' தனியாகவே நிற்கும்.

'ஈவன் ஆஸ்' மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. ஆங்கில நாளிதழ்ச் செய்திகளில் அடிக்கடி வரும் இதற்கு 'அதே வேளையில்' என்பதே பொருள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே கல்லெறி தொடங்கியது என்பது போன்ற இடம். இதை 'ஆலும்' என்று படித்தால் செய்தியே புரளும்.

இனி பிரதிப்பெயர்கள். இங்கே நம்மூர் ஆங்கிலத்துக்கென்றே ஒரு முத்திரைப் பிழை இருக்கிறது. அலுவலகத்தில் ஒருவர் பசிக்கிறது என்கிறார். பக்கத்து மேசைக்காரர் 'எனக்கும்தான்' என்ற நினைப்பில் 'ஈவன் ஐ ஆம் ஹங்கிரி' என்கிறார். நமக்குள் பேசும்போது எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டு வாடிக்கையாளர் காதில் அது 'பசியே எடுக்காத எனக்கே பசிக்கிறது' என்று விழும். தமிழ் இலக்கணம் இந்த இரண்டையும் எச்ச உம்மை, சிறப்பும்மை என்று எப்போதோ பிரித்துவைத்துவிட்டது. 'நானும் வருகிறேன்' என்பது எச்ச உம்மை: வேறு யாரோ வருகிறார்கள், கூடவே நான். இதற்கு 'டூ' அல்லது 'ஆல்ஸோ'. 'வைத்தியருக்கும் புரியாத நோய்' என்பது சிறப்பும்மை: புரிந்திருக்க வேண்டியவருக்கே புரியவில்லை. இதற்குத்தான் 'ஈவன்'.

சந்தேகம் வந்தால் 'உம்'மை எடுத்துவிட்டு 'ஏ' போட்டுப் பாருங்கள். 'அவருக்கே தெரியவில்லை' என்றால் பொருள் மாறாமல் நிற்கிறதா? 'ஈவன் ஹீ டஸின்ட் நோ' சரி. 'எனக்கும் பசிக்கிறது' என்பதை 'எனக்கே பசிக்கிறது' என்று மாற்றினால் பேச்சு வேறெங்கோ போகிறது. அங்கே 'மீ டூ' அல்லது 'ஸோ ஆம் ஐ' போதும். எதிர்மறையில் 'டூ' வராது: 'எனக்கும் தெரியாது' என்பதற்கு 'ஐ டோன்ட் நோ ஐதர்' அல்லது 'நீதர் டூ ஐ' (இந்த 'டூ' துணைவினை, 'உம்' பொருள் தரும் 'டூ' அல்ல). அப்படியானால் 'ஈவன் ஐ டோன்ட் நோ' எப்போதும் தவறா? இல்லை. சாவி எங்கே என்று வீட்டுக்காரரிடமே கேட்கிறார்கள், அவருக்கே தெரியவில்லை என்றால் அவர் சொல்லலாம்.

உருபு விஷயத்தில் 'ஈவன்' எதையும் மாற்றாது. எழுவாயாக வந்தால் 'ஈவன் ஐ', 'ஈவன் ஹீ', 'ஈவன் தே'. செயப்படுபொருளாக வந்தால் 'ஈவன் மீ', 'ஈவன் ஹிம்', 'ஈவன் தெம்'. 'ஈவன்' இல்லாமல் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்து, அதே பிரதிப்பெயரை வைத்துக்கொள்ளுங்கள். முன்னிடைச்சொல் இருந்தால் அதற்கும் முன்னால் 'ஈவன்' நிற்பதே இயல்பு: 'அவளுக்குக்கூடத் தரவில்லை' என்பது 'ஹீ டிடின்ட் கிவ் இட் ஈவன் டு ஹெர்'. 'டு ஈவன் ஹெர்' காதுக்கு உறுத்தும்.

'கூட' எந்தச் சொல்லில் ஒட்டுகிறது என்பதையும் பாருங்கள். 'என்னிடம்கூடச் சொல்லவில்லை' என்றால் 'ஹீ டிடின்ட் டெல் ஈவன் மீ': நெருங்கிய ஆளான என்னிடமே மறைத்தான். 'என்னிடம் சொல்லக்கூட இல்லை' என்றால் 'ஹீ டிடின்ட் ஈவன் டெல் மீ': அழைக்காவிட்டால் போகட்டும், தகவலாவது சொல்லியிருக்கலாம். பேச்சில் இரண்டாவது வாக்கியத்தையே 'மீ'யில் குரலை அழுத்தி முதல் பொருளுக்கும் பயன்படுத்துவார்கள். மின்னஞ்சலில் குரல் கிடையாது, ஆகவே இடத்தைச் சரியாக வையுங்கள்.

கடைசியாக 'நாட் ஈவன்'. 'அவன்கூட வரவில்லை' என்பதை 'ஈவன் ஹீ டிடின்ட் கம்' என்றும் சொல்லலாம், 'நாட் ஈவன் ஹீ கேம்' என்றும் சொல்லலாம். இரண்டாவதில் 'நாட்' முன்னாலேயே வந்துவிட்டதால் வினை உடன்பாடாகவே நிற்கும்; 'நாட் ஈவன் ஹீ டிடின்ட் கம்' என்றால் இரண்டு எதிர்மறை மோதிக்கொள்ளும். 'ஒருத்தர்கூட வரவில்லை' என்பதை 'ஈவன் நோபடி கேம்' என்று எழுதாதீர்கள். 'நோபடி'க்கு முன்னால் 'ஈவன்' வராது. 'நாட் ஈவன் ஒன் பெர்சன் கேம்' என்று எழுதுங்கள்.