மொட்டை மாடியில் ஏதென்ஸ் நீதிமன்றம் நடத்துவது எப்படி

முப்பது வருடம் வரலாறு நடத்தினேன். சாக்ரடீஸ் விஷம் குடித்த கதையைச் சொல்லும்போதெல்லாம் கடைசி வரிசை பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கும். ஓய்வுக்குப் பிறகு சேலம் அம்மாப்பேட்டை வீட்டு மொட்டை மாடியில், தெருப் பிள்ளைகளை வைத்து அவருக்குத் தண்டனை கொடுத்த பழைய கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நீதிமன்றத்தையே நடத்திப் பார்த்தேன். நீங்களும் செய்யலாம்.

முதலில் ஒரு வழக்கு வேண்டும். சின்னதாக இருந்தால் போதும். எங்களுடையது மல்கோவா வழக்கு: தட்டில் கொட்டை மட்டும் கிடந்தது.

அடுத்தது தண்ணீர்க் கடிகாரம். உயிர்நாடியே இதுதான்: பானைத் தண்ணீர் ஒழுகித் தீரும்வரைதான் ஒருவர் பேசலாம். ஏதென்ஸ் சந்தைவெளியில் தோண்டியெடுத்த பானை ஒன்று 6.4 லிட்டர் பிடிக்கும். காலியாக ஏறக்குறைய 6 நிமிடம். அதே அளவில் மண்பானை வாங்கி, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, அடிப்பக்கம் 6 மில்லிமீட்டர் துளை போடுங்கள். ட்ரில்லை மெதுவாக ஓட்டவேண்டும். நான் அவசரப்பட்டதில் ஒரு பானை விரிசல் விட்டது. பாதித் தண்ணீர் ஊற்றினால் பாதி நேரம் என்று நினைக்காதீர்கள். மட்டம் இறங்க இறங்க ஒழுக்கு மந்தமாகும். செல்போனில் நேரம் பார்த்து உள்ளே கோடு போட்டுக்கொள்ளுங்கள். கீழே இன்னொரு பானை கட்டாயம். சேலத்தில் தண்ணீரைத் தரையில் விட்டால் வீட்டம்மா நம் மேலேயே வழக்குப் போடுவார்.

நடுவர்களைக் குலுக்கலில் எடுங்கள். பெயர்ச்சீட்டுகளை வரிசை வரிசையாக வைத்து, ஒவ்வொரு வரிசைக்கும் பையிலிருந்து ஒரு கொண்டைக்கடலை எடுக்கவேண்டும்: வெள்ளை வந்தால் அந்த வரிசை உள்ளே, கறுப்பு வந்தால் வெளியே. அங்கே இதற்குக் கல்லில் ஒரு கருவியும், கறுப்பு வெள்ளைக் கட்டைகளும் இருந்தன. “உத்திரமேரூர் குடவோலை மாதிரியா சார்?” என்றான் ஒருவன். மாதிரிதான், ஆனால் உத்திரமேரூரில் தேர்ந்தெடுத்தது ஊர் வாரியத்துக்கு, ஏதென்ஸில் தீர்ப்புச் சொல்லவும்.

இங்கே ஒன்றை மறைக்காதீர்கள். முப்பது வயது தாண்டிய குடிமகன்களுக்கு மட்டுமே நடுவர் இருக்கை. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் கிடையாது. முதல் ஐந்து நிமிடம் சிறுமிகளைச் சுவரோரம் நிறுத்தினேன். “இதுக்குப் பேர் மக்களாட்சியா?” என்று ஒருத்தி கத்தினாள். அந்தக் கேள்விக்காகத்தான் நிறுத்தினேன். அப்புறம் எல்லாரையும் சேர்த்துக்கொண்டு பதினோரு பேரை உட்கார வைத்தோம்.

வக்கீல் கிடையாது. குற்றம் சாட்டியவரும் சாட்டப்பட்டவரும் தாங்களே பேசவேண்டும். வேண்டுமானால் பேச்சை வேறொருவரிடம் எழுதி வாங்கலாம். அதைத் தொழிலாகவே செய்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

வாக்குக்கு அவர்களிடம் நடுவில் அச்சு செருகிய வெண்கல வில்லைகள். அச்சு குழலாக இருந்தால் குற்றம் சாட்டியவருக்கு, கெட்டியாக இருந்தால் சாட்டப்பட்டவருக்கு. நாம் அட்டை வட்டத்தில் காலி ரீஃபில் துண்டைச் செருகலாம். பாதி வட்டங்களில் மட்டும் ரீஃபிலுக்குள் ஈர்க்குச்சியை அடைத்துவிடுங்கள். ஆளுக்கு இரண்டு வகையிலும் ஒன்று. இரு முனையையும் விரலால் மூடிப் பிடித்தால் எது எதுவென்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. கணக்கில் சேரும் வாக்கு வெண்கல ஜாடிக்கு, மிஞ்சியது மர ஜாடிக்கு. எங்களிடம் எவர்சில்வர் தூக்கும் மரப்படியும்.

குற்றம் சாட்டப்பட்ட எங்கள் பையன் பாட்டி ஊரிலிருந்து கதையை ஆரம்பித்தான். மாம்பழத்துக்கு வருமுன் பானை காலி. எட்டுக்கு மூன்றில் குற்றவாளி.

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பல வழக்குகளில் தண்டனைக்கு இரண்டாம் வாக்கு உண்டு: இரு தரப்பும் ஆளுக்கொரு தண்டனை சொல்வார்கள், நடுவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கமுடியும். கி.மு. 399இல் சாக்ரடீஸ் தனக்கு அரசு செலவில் சாப்பாடு போடவேண்டும் என்று கேட்டார். இதை நான் முன்பே சொல்லித் தொலைத்துவிட்டேன். பையன் எழுந்து, “எனக்கு இன்னொரு மல்கோவா” என்றான். எதிர்த்தரப்பு கேட்டது, ஒரு வாரம் மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் சுமக்கவேண்டும் என்று.

பத்துக்கு ஒன்று. கடிகாரப் பானையிலேயே தூக்கிக்கொண்டு போனான், வழியெல்லாம் ஒழுகியது.