குளிர்காலம் இல்லாத ஊரில் அஸ்பாரகஸ்: ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்திலிருந்து

போன வாரம் பறித்தது ஏழு தண்டு. கடுகு தாளித்து, தேங்காய்த் துருவல் போட்டுப் பொரியல் செய்தோம். நான்கு பேருக்கு ஆளுக்கு ஒரு கரண்டிகூட வரவில்லை. இந்த ஏழு தண்டுக்கு முன்னால் இரண்டு முறை செடியைச் சாகடித்திருக்கிறேன். செலவுக் கணக்குப் பார்ப்பவர்கள் ஈரச்சந்தையில் தாய்லாந்துக் கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு இந்தப் பக்கத்தை மூடிவிடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இன்னும் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அஸ்பாரகஸ் வளர்ப்பது பற்றி இணையத்தில் கிடைக்கும் முறைகளில் பெரும்பாலானவை பனி விழும் ஊர்க்காரர்கள் எழுதியவை. அவர்கள் தோட்டத்தில் அவை சரி. ஆண்டு முழுவதும் முப்பது டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்கும் சிங்கப்பூரில் அவற்றை வரிக்கு வரி கடைப்பிடித்தால் செடி நிதானமாகச் செத்துப்போகும். நான் கடைப்பிடித்தேன், அது செத்துப்போனது.

எதை வாங்குவது

நாற்றங்கால்களில் 'அஸ்பாரகஸ்' என்று எழுதித் தொட்டியில் வைத்திருப்பது பெரும்பாலும் அழகுச் செடி. நரிவால் மாதிரி புசுபுசுவென்று நிற்பதும், பூங்கொத்துகளில் செருகும் மெல்லிய இலைக்கொத்தும் இதே குடும்பம்தான், ஆனால் சாப்பிடுவதற்கு அல்ல. நம் சித்த மருந்துக் கடைகளில் பொடியாக விற்கும் தண்ணீர்விட்டான் கிழங்கும் நெருங்கிய உறவு. சதாவரி என்பதும் அதுதான். அதன் கொடியில் முள் இருக்கும். நாம் தட்டில் பார்ப்பது அஸ்பாரகஸ் அஃபிசினாலிஸ் என்ற இனம், அதில் முள் இருக்காது. வாங்கும்போது இந்தப் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

விதையிலிருந்து தொடங்குவதே என் கட்சி. வெளிநாட்டிலிருந்து வேர்க்கட்டை தருவிக்கலாமே என்று தோன்றும். செடிகளைக் கொண்டுவர இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். மூன்று தொட்டிக்கு அந்த அலைச்சல் எதற்கு? விதையில் நான் போட்டுப் பார்த்தவை இரண்டு: மேரி வாஷிங்டன், யூசி 157. இரண்டாவது கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கலப்பின ரகம். வெக்கையைத் தாங்குகிறது. மேரி வாஷிங்டன் எனக்குக் கடைசிவரை ஈர்க்குச்சி கனத்தைத் தாண்டவில்லை. இனி வாங்க மாட்டேன்.

விதைப்பது

கறுப்பாக, மிளகைவிடச் சிறியதாக இருக்கும் விதை. தோல் கெட்டி. வெதுவெதுப்பான நீரில் ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு, சிறு கிண்ணங்களில் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். நம் வெப்பநிலை முளைப்பதற்கு மிகவும் தோதானது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் குளிர்நாட்டுக்காரர்கள் நம்மைப் பார்த்துப் பொறாமைப்படலாம். எனக்குப் பன்னிரண்டாம் நாள் தலைகாட்டியது.

வந்தது செடி என்று நம்புவதுதான் கடினம். பச்சைத் தலைமுடி ஒன்றை மண்ணில் குத்திவைத்த மாதிரி இருக்கும். அடுத்த வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) எட்டிப் பார்த்துவிட்டு, மலாயில் "இனி ரும்புட்டா?" என்று கேட்டார். புல்லா என்று அவர் கேட்டதில் தவறே இல்லை. எங்கள் வீட்டிலேயே இரண்டு நாற்றைக் களை என்று நினைத்துப் பிடுங்கியாகிவிட்டது. கிண்ணத்தில் பெயர்ச்சீட்டு குத்திவையுங்கள்.

தொட்டியும் மண்ணும்

இது பத்து ஆண்டுக்கு மேலும் இருக்கக்கூடிய செடி. அதன் வேர்கள் விரல் கனத்தில் சதைப்பற்றோடு பக்கவாட்டில் ஓடும். நாற்பது லிட்டருக்குக் குறைந்த தொட்டி வீண், நாற்பத்தைந்து சென்டிமீட்டர் ஆழமாவது வேண்டும். ஒரு தொட்டிக்கு ஒரே செடி. நான் துணிப்பைத் தொட்டியை விரும்புகிறேன், நீர் தேங்காது. பீங்கான் தொட்டி பார்க்க அழகு. மண்ணும் நீரும் சேர்ந்தபின் அதை நகர்த்த ஆள் கூப்பிட வேண்டும், நகர மன்றம் சுவருக்குச் சாயம் பூச வரும் அன்று அருமை தெரியும்.

மண் கலவை: சுட்ட மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் இரண்டு பங்கு, எரிமலைக் கல் அல்லது பெர்லைட் ஒரு பங்கு. தேங்காய் நார்க்கழிவை நான் சேர்ப்பதில்லை. அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இந்தச் செடிக்கு அது பிடிக்காது. அஸ்பாரகஸ் புளிப்பு மண்ணையும் விரும்பாது, பிஎச் ஆறரையிலிருந்து ஏழரைக்குள் இருக்கட்டும். டாலமைட் சுண்ணாம்பு இரண்டு மேசைக்கரண்டி கலந்தால் போதும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டால் ஆகிவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், அது கரைவதற்குள் உங்களுக்குப் பேரன் பிறந்துவிடுவான்.

வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். எங்கள் தாழ்வாரம் மேற்குப் பார்த்தது, பிற்பகல் முழுவதும் காய்கிறது. வைக்கும் இடத்தில் ஒரு விதி உண்டு: தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும், தீயணைப்புக்கும் அவசர வெளியேற்றத்துக்குமான வழி அது. டேப் வைத்து அளந்துவிட்டுத் தொட்டி வாங்குங்கள். கைப்பிடிச் சுவர்மேல் எதையும் வைக்கவே வைக்காதீர்கள்.

நடுவது

நாற்று மூன்று மாதம் ஆனதும் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். புத்தகங்கள் பதினைந்து, இருபது சென்டிமீட்டர் ஆழக் குழி வெட்டச் சொல்லும். என் முதல் தோல்வி இதுதான். ஆழமாக நட்டேன், டிசம்பர் மழை ஒரு வாரம் சாரலாக அடித்தது, வேர்க்கட்டை அழுகி முட்டைக்கோஸ் நாற்றம் அடித்தது. இங்கே ஐந்து சென்டிமீட்டர் போதும். வளர வளர மேலே மண் சேர்த்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், பிப்ரவரி, மார்ச்சில் விதைத்தால் அடுத்த மழைக்குள் செடி தேறிவிடும்.

தாய்த்தண்டு

இனி நான் தடுக்கி விழுந்த இடம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

குளிர்நாட்டில் இலையுதிர்காலத்தில் செடி மஞ்சளாகிக் காயும். காய்வதற்கு முன் இலைக்கொத்தில் இருக்கும் சத்தையெல்லாம் வேருக்கு இறக்கிவிடும். அதன்பிறகு தோட்டக்காரர் தரையோடு வெட்டிவிடுகிறார். வசந்தத்தில் அந்தச் சேமிப்பை வைத்துத் தண்டுகள் கிளம்புகின்றன, ஆறு, எட்டு வாரம் பறிக்கிறார்கள், பிறகு மீதியை வளரவிடுகிறார்கள். வங்கியில் போட்டு வைத்து எடுப்பது போல.

என் இரண்டாம் செடிகள் ஓராண்டில் இடுப்புயரம் வந்து பச்சைப் பசேலென்று நின்றன. டிசம்பர் வந்தது. ஏதோ ஒரு காணொளியில் 'குளிர்காலத்துக்கு முன் முழுவதையும் வெட்டுங்கள்' என்று சொன்னதை நம்பி, கத்தரிக்கோலை எடுத்து எல்லாவற்றையும் தரையோடு வெட்டினேன். செடி காயவே இல்லை, வேருக்கு எதையும் இறக்கவும் இல்லை. பச்சையாக இருந்த சமையலறையை நான்தான் அப்படியே குப்பையில் போட்டேன். இரண்டு வாரத்தில் புதுத் தண்டுகள் வந்தன, நூல் மாதிரி. ஆசையில் அவற்றையும் பறித்தேன். அடுத்து வந்தவை இன்னும் மெலிவு. மூன்றாம் சுற்றில் எதுவும் வரவில்லை. தோண்டிப் பார்த்தால் வேர்கள் சாறு பிழிந்த கரும்புச் சக்கை மாதிரி வெறுமையாகக் கிடந்தன.

தாய்லாந்திலும் தைவானிலும் சந்தைக்கு விளைவிப்பவர்கள் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். செடிக்கு ஓய்வுகாலம் கிடையாது என்பதால், சில தண்டுகளை எப்போதும் வெட்டாமல் விட்டுவைக்கிறார்கள். அவைதான் தாய்த்தண்டுகள். அவை வெயிலில் நின்று சமைத்து வேருக்கு அனுப்ப, வேர் மற்ற தண்டுகளை மேலே தள்ளும். நாம் பறிப்பது அந்த மற்றவற்றை. செய்வது இப்படி:

நட்ட பிறகு எட்டு, ஒன்பது மாதம் எதையும் தொடாதீர்கள். வருவதெல்லாம் வளரட்டும். பென்சில் கனத்தில் தண்டுகள் வரத் தொடங்கிய பின்தான் செடி தயார். அப்போது நான்கு தண்டுகளைத் தேர்ந்தெடுங்கள். கனமானவை, நேரானவை, ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளி நிற்பவை. இவற்றை வளரவிட்டு, அடிக்கிளைகளை முழங்கால் உயரம்வரை கழித்துவிடுங்கள், காற்று ஓடும். நெஞ்சுயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். நான்கு மூங்கில் குச்சி ஊன்றிச் சுற்றிலும் கயிறு கட்டுங்கள். பன்னிரண்டாம் மாடிக் காற்று எந்தச் செடியையும் சாய்த்துவிடும். பழைய மெலிந்த தண்டுகளை மட்டும் அடியில் வெட்டி எடுங்கள். இலைக்கொத்து நன்றாக விரிந்து கரும்பச்சை ஆனபிறகு வரும் ஒவ்வொரு தண்டும் உங்களுடையது.

இரண்டரை, மூன்று மாதத்தில் தாய்த்தண்டுகள் வெளிறும். புதுத் தண்டுகளும் மெலியும். அதுதான் அறிகுறி. உடனே பழையவற்றை வெட்டாதீர்கள்! பறிப்பதை நிறுத்தி, புதிதாக நான்கை வளரவிட்டு, அவை விரிந்தபிறகே பழையவற்றை அனுப்பிவையுங்கள். இதற்கு ஒரு மாதம் போகும். அந்த மாதம் ஈரச்சந்தைதான்.

பறிப்பது

இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் உயரத்தில், நுனி இறுக்கமாக மூடியிருக்கும்போது. நம் வெக்கையில் நுனி சீக்கிரம் விரியும், காலையில் விட்டால் மாலையில் நார். தினமும் பாருங்கள். அஸ்பாரகஸுக்கென்றே நீளக் கத்தி விற்கிறார்கள், வாங்காதீர்கள். கையால் வளைத்தால் இளசான இடத்தில் தானே ஒடியும். ஒரு செடியின் நோயை இன்னொன்றுக்குக் கத்தி சுமந்து போவதும் இல்லை. ஒடித்த அன்றே சமையுங்கள், அதன் இனிப்பு மணிக்கணக்கில் குறைந்துகொண்டே போகும். கடையில் வாங்குவதில் அந்த ருசி இல்லாததற்கு அதுவே காரணம்.

உரம்: மாதம் ஒரு கைப்பிடி கோழிஎருக் குருணை. மேலே மண்ணால் மூடுங்கள், இல்லையென்றால் தாழ்வாரம் முழுவதும் மணக்கும்.

பின்சேர்ப்பு: வாசகர்கள் கேட்டவை

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கலாமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். வைக்காவிட்டால் கீழே ஒழுகிப் பக்கத்து வீட்டார் செருப்பு நனைகிறது, வைத்தால் ஏடிஸ் கொசு. நான் தட்டு வைத்து, நீர் ஊற்றிய அரை மணி நேரத்தில் அதைக் கொட்டிக் கவிழ்த்துவிடுகிறேன். கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும், ஊருக்குப் போகும்போது தட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். மண் மேல்பரப்பு விரல் மூட்டளவு காய்ந்த பிறகுதான் அடுத்த நீர். தினமும் ஊற்றாவிட்டால் மனசு கேட்காது என்பவர்கள் தயவுசெய்து பண்டான் வளர்க்கவும்.

ஈசூனிலிருந்து ஒரு வாசகர் படம் அனுப்பியிருந்தார்: தண்டில் நீள்வட்டப் பழுப்புப் புண், நடுவில் கறுப்புப் புள்ளிகள். தண்டுக் கருகல் நோய், பூஞ்சைதான். மழைநீர் மண்ணில் பட்டுத் தெறித்து ஏறுகிறது. பாதித்த தண்டை அடியோடு வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்கிடங்கில் வேண்டாம். மண்மேல் காய்ந்த இலைகளைப் பரப்புங்கள், இலைமேல் நீர் தெளிப்பதை நிறுத்துங்கள். நான் தொட்டிகளை ஓரடி உள்ளே இழுத்ததிலேயே பாதி குறைந்துவிட்டது.

தேசியப் பூங்காக் கழகத்தின் வாடகைத் தோட்டப் பாத்தியில் நடலாமா என்று இன்னொருவர். பாத்தி இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர், வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் குத்தகை மூன்று ஆண்டு. செடி நன்றாகத் தண்டு தரும் வயதுக்கு வரும்போது இடத்தைக் காலி செய்ய வேண்டியிருக்கும். அங்கே கத்தரிக்காய் போடுங்கள்.

கடைசியாகக் கேட்டது சிவப்புப் பழம் பற்றி. அஸ்பாரகஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியில்தான் பழம் வரும், அதைச் சாப்பிடக் கூடாது, வயிற்றைக் கலக்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பச்சையாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். ஆண் செடி பழத்துக்குச் சத்தைச் செலவழிக்காததால் தண்டு அதிகம் தரும். என் மூன்றில் இரண்டு பெண். மூன்றாவது இன்னும் பூக்கவில்லை. தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே போய்ப் பார்க்கிறேன்.