விறைப்புக் கோளாறும் வைட்டமின் டி-யும்: எங்கே தவறுகிறோம்?

ரிப்போர்ட்டில் வைட்டமின் டி 12 என்று வந்ததும், விறைப்புக் கோளாறுக்குக் காரணம் கிடைத்துவிட்டதாகப் பலர் நிம்மதி அடைகிறார்கள். முதல் தவறே அதுதான். இந்தச் சத்து குறைந்த ஆண்களிடம் விறைப்புக் கோளாறு கூடுதலாகக் காணப்படுவது உண்மை. ஆனால் உடல் பருமனும் சர்க்கரை நோயும் இருப்பவர்களிடம் இரண்டுமே சேர்ந்து வரும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சரியாக உள்ள ஆண்களுக்கு வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த ஆய்வில் அந்த ஹார்மோன் கூடவில்லை. எனவே சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் கட்டாயம் பாருங்கள். ஆணுறுப்பின் ரத்தக்குழாய் இதயக் குழாயைவிடச் சிறியது. அடைப்பின் அறிகுறி அங்கே முன்னதாகத் தெரியலாம். மாத்திரையை மட்டும் நம்பி ஒரு வருடம் கடத்தினால் அந்த எச்சரிக்கை வீணாகிவிடும்.

கடுமையான குறைபாடு வேறு கதை. இடுப்பெலும்பு வலிக்கும், தொடைத் தசை தளரும், தரையிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருக்கும். ஆணோ பெண்ணோ, அந்த வலியிலும் அசதியிலும் உடலுறவில் நாட்டம் எப்படி இருக்கும்? இவர்களுக்குச் சிகிச்சை நிஜமாகவே உதவும்.

பார்க்க வேண்டிய பரிசோதனை 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. மில்லிக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. முடிக்காக பயோட்டின் சாப்பிடுபவர்கள் லேபில் சொல்லிவிடுங்கள். சில கருவிகளில் அது அளவைக் கூட்டிக் காட்டும்.

ஆபத்தான தவறு 60,000 யூனிட் மாத்திரையில் நடக்கிறது. வழக்கமாக வாரம் ஒன்று, எட்டு வாரம். அட்டையில் நான்கோ எட்டோ இருப்பதைப் பார்த்துத் தினம் ஒன்று போடுபவர்கள் உண்டு. கோர்ஸ் முடிந்தபின் அதே சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்குபவர்களும் உண்டு. இது கொழுப்பில் கரையும் சத்து, உடலில் தேங்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், குழப்பம் வந்து சிறுநீரகம் வரை பாதிக்கும். இந்த அறிகுறிகள் தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தாமாகத் தொடங்கவே கூடாது.

வெறும் வயிற்றில் போடாதீர்கள். எண்ணெய், நெய் சேர்ந்த சாப்பாட்டுக்குப் பின் போட்டால்தான் நன்றாக உறிஞ்சப்படும். காலை ஏழு மணி வெயிலையும் கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலையும் நம்ப வேண்டாம். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயில்தான் பயன் தரும்.