‘லோக்கல்’ ஸ்ப்ரெட் உண்மையிலேயே லோக்கல்தானா? பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

போன வாரம் பெங்களூரு அல்சூர் மார்க்கெட் பக்கம் ஒரு சிவப்புக் குடைமிளகாய் ஸ்ப்ரெட் வாங்கினேன், மூடியிலேயே ‘லோக்கல்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. கோலார், தொட்டபள்ளாபூர் பக்கம் பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் ஷீட் போட்ட பசுமைக்குடில்) போட்டுக் குடைமிளகாய் விளைவிக்கிறவர்களுக்குக் காசு போய்ச் சேரட்டும் என்றுதான் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பின்பக்கம் படித்ததும் மனசு விட்டுப்போனது. நீங்கள் கடையிலேயே படித்துவிடுங்கள், இரண்டு நிமிஷ வேலை.

முதலில் ‘இன்கிரிடியன்ட்ஸ்’. எடை அதிகமானது முன்னால், குறைவானது பின்னால் என்ற வரிசையில்தான் போட வேண்டும், அது சட்டம். அதனால் முதல் நான்கு பெயர் போதும். உப்புக்குப் பிறகு ‘ஐஎன்எஸ்’ என்ற எண்ணோடு வருகிற சேர்ப்புப் பொருள்கள், ஐஎன்எஸ் 330 அதாவது சிட்ரிக் ஆசிட், ஐஎன்எஸ் 211 அதாவது சோடியம் பென்சோயேட், எல்லாம் துளிதான். என் பாட்டிலில் தண்ணீர், சூரியகாந்தி எண்ணெய், அதற்கப்புறம்தான் குடைமிளகாய் பேஸ்ட் 18%. படத்தில் காய் குவிந்து கிடக்கிறது, உள்ளே ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

அடுத்து எண்ணெய். காயைப் பார்க்கிற நாம் இதைப் பார்ப்பதே இல்லை. இந்தியாவின் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. சூரியகாந்தி பெரும்பாலும் ரஷ்யா, உக்ரைன் பக்கமிருந்து, பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து. கடலை எண்ணெய் என்றால் நம் நாட்டுக் கடலையாக இருக்க வாய்ப்பு நிறைய.

அப்புறம் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொடுக்கிற எண். அது 1 என்று ஆரம்பித்தால் லைசென்ஸ், 2 என்றால் சின்ன அளவில் செய்கிறவர்களின் பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம்: 12 கர்நாடகா, 24 தமிழ்நாடு, 00 என்றால் மத்திய லைசென்ஸ், அதில் மாநிலம் தெரியாது. சில பாட்டிலில் இரண்டு மூன்று எண் இருக்கும், தயாரிப்பாளர் முகவரிக்குப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். ‘மார்க்கெட்டட் பை’ என்று இந்திராநகர் முகவரி இருந்தால் அது வெறும் ஆபீஸ். பேக்டரி இங்கே பீன்யாவிலேயே இருந்தாலும் காய் எங்கிருந்து வந்தது என்று அது சொல்லாது.

அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். லேபிளில் கஸ்டமர் கேர் எண்ணோ மெயிலோ இருக்கும், நேராகக் கேளுங்கள்: காய் எந்த மாவட்டம், பச்சையாக வாங்குகிறீர்களா பேஸ்ட்டாகவா? என் பாட்டில்காரர்கள் ‘நம்பகமான சப்ளையர்கள்’ என்று மட்டும் பதில் போட்டார்கள். வீட்டிலேயே செய்து விற்கிற ஒரு அக்காவிடம் அதையே கேட்டேன், “கோலார் காய்மா, கிடைக்காதப்போ ஓசூர்ல எடுப்பேன்” என்றார். ஓசூர் தமிழ்நாடாச்சே என்று கழித்துவிடாதீர்கள், அது இங்கிருந்து 40 கிலோமீட்டர்தான். பெலகாவி கர்நாடகாதான், ஆனால் 500 கிலோமீட்டர்.

கடைசியாகக் கணக்கு. தண்ணீரை விட்டுவிட்டு, பக்கத்து ஊரிலிருந்து வந்தது என்று தெரிந்த பொருள்களின் சதவீதத்தைக் கூட்டுங்கள். பாதியைத் தாண்டினால் நான் லோக்கல் என்று எடுத்துக்கொள்வேன். அக்காவின் பாட்டிலில் குடைமிளகாய் மட்டுமே 62%. இந்த வாரம் அதில் இரண்டு வாங்கியிருக்கிறேன்.