நேரம் சரியில்லை என்பதற்கு முன்

போன சனிக்கிழமை எங்கள் போக்கர் மேசைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், இடைவேளையில் டீ குடிக்கும்போது ஆரம்பித்தார்: "ரெண்டு ஏஸ் வந்துச்சுண்ணே, அப்பவும் தோத்துட்டேன். என் நேரம்." இதே வசனத்தை இரண்டு வருடம் பேசித் திரிந்தவன் நான். குடித்துவிட்டு ஆடாதே, வாடகைப் பணத்தை வைக்காதே என்பதெல்லாம் உங்கள் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். மற்றவற்றைப் பார்ப்போம்.

தன் தப்பை அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதுவது

சீட்டு வாங்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயம் போட வேண்டிய பணம், அதாவது பிளைண்ட், 5, 10 ரூபாய். என் முன்னால் 1000 ரூபாய்க்குச் சிப்ஸ் வில்லைகள், கையில் இரண்டு ஏஸ், இரண்டு சீட்டில் அதைவிடப் பெரியது கிடையாது. பந்தயத்தை ஏற்றினால் எல்லாரும் ஓடிவிடுவார்களே என்று, கமுக்கமாக அந்த 10 ரூபாய்க்குச் சமமாக மட்டும் போட்டேன், அதாவது வெறும் கால். என் பின்னாலேயே மூன்று பேர் வந்தார்கள். பிக் பிளைண்டில், அதாவது முன்பே 10 ரூபாய் போட்டிருந்த நண்பன், ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகப் போடாமல் ஃபிளாப்பை, அதாவது நடுவில் எல்லாருக்கும் பொதுவாக விரிக்கும் முதல் மூன்று சீட்டைப் பார்த்தான். விழுந்தது 8, 7, 2. அவன் கையில் 8, 7. அவனுக்கு இரண்டு ஜோடி, எனக்கு ஏஸ் ஜோடி ஒன்றுதான். அது தெரியாமல் நான் ஆல்-இன், இருந்த சிப்ஸ் மொத்தமும் உள்ளே. ஆயிரமும் காலி.

பல மாதம் கழித்து அவனிடமே இதைச் சொல்லிப் புலம்பினேன். "நாப்பது ரூபா போட்டிருந்தா அப்பவே சீட்டைக் கவுத்திருப்பேனே மச்சான், ஏன் போடல?" என்றான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இரண்டு ஏஸ், எதிரில் ஒரே ஆள் ஏதோ ஒரு சீட்டோடு இருந்தால் 100க்குச் சுமார் 85 தடவை ஜெயிக்கும். நான்கு பேரை உள்ளே விட்டால் அது 56 ஆகிவிடும். நானே கதவைத் திறந்துவிட்டு, திருட்டுப் போனது என்று அழுதிருக்கிறேன். ஆயிரம் போனதைக்கூட மறந்துவிட்டேன். துரதிர்ஷ்டம் என்று நம்பி இரண்டு வருடம் அதே மாதிரி ஆடினேன் பாருங்கள், அதுதான் இன்னும் எரிகிறது.

நிஜமான துரதிர்ஷ்டமும் உண்டு. ஃபிளாப்புக்கு முன்பே உங்கள் இரண்டு ஏஸும் எதிராளியின் இரண்டு ராஜாவும் முழுப் பணத்தோடு மோதினால், 100க்கு 18 தடவை போலத் தோற்பீர்கள். அதில் திருத்த ஒன்றுமில்லை, அடுத்த சீட்டை வாங்குங்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பணம் உள்ளே போனபோது யார் கையில் என்ன, வாய்ப்பு எவ்வளவு என்று எழுதுவேன். யார் ஜெயித்தார் என்பதை எழுதுவதில்லை.

ஜெயித்தவருக்குப் பாடம் எடுப்பது

"அந்தச் சீட்டை வச்சுக்கிட்டு எப்படிக் கால் பண்ணீங்க?" என்று கத்தினால், ஒன்று அவர் கற்றுக்கொள்வார், இல்லை வராமல் போவார். இரண்டிலும் நஷ்டம் உங்களுக்கு.

விட்டதை இன்றைக்கே பிடிப்பது

கொண்டுவந்தது தீர்ந்ததா? செருப்பை மாட்டுங்கள்.

ஒன்றும் வரவில்லையே என்று கண்டதையும் ஆடுவது

இரண்டு ஏஸ் சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒருமுறை வரும். மணிக்கு 25 ஆட்டம் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம். அப்படி வந்ததை என்ன செய்தார் என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன். "எவ்வளவு ஏத்தின?"

டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சும்மா கால்தான்ணே."