வள்ள எஞ்சின் ரிப்பேர்: எதை முதலில் பிரிப்பது?

குளச்சலில் மச்சானின் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் ஒருவர்தான். விடிந்ததும் உப்பு பூத்த அவுட்போர்டு எஞ்சின்கள் வந்து இறங்கும். வந்த வரிசையில் பார்ப்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் கரையில் கிடக்கும் வள்ளங்களின் மொத்த நஷ்டத்தைக் குறைக்க, காத்திருப்பு வரிசைகளைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் வரிசைக் கோட்பாடு வேறு வழி சொல்கிறது. 1909-இல் டென்மார்க்கில் எர்லாங் என்ற கணித அறிஞர் டெலிபோன் அழைப்புகளுக்காகத் தொடங்கி வைத்த கணக்கு அது.

படி 1: எஞ்சினுக்கு ஓர் அட்டை கட்டுங்கள். வேலைக்கு எத்தனை மணி நேரம், சும்மா கிடந்தால் மணிக்கு எவ்வளவு நஷ்டம், இந்த இரண்டும் போதும். "அண்ணே, இன்னைக்குத் தொழிலுக்குப் போகலேன்னா எவ்வளவு போகும்?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஸ்பேர் வராத எஞ்சினைத் தனியே வையுங்கள். அது மெக்கானிக்குக்காகக் காத்திருக்கவில்லை.

படி 2: நஷ்டத்தை வேலை நேரத்தால் வகுங்கள். பெரிய எண் முதலில்.

ஒரு உதாரணம். கியர் பெட்டி வேலை 6 மணி நேரம், நஷ்டம் மணிக்கு 600 ரூபாய்: எண் 100. கார்புரேட்டர் கழுவ 1 மணி நேரம், 400 ரூபாய்: எண் 400. தண்ணீர் பம்பு இம்பெல்லர் மாற்ற 2 மணி நேரம், 500 ரூபாய்: எண் 250. மூன்றும் இதே வரிசையில் வந்திருந்து அப்படியே பார்த்தால், மூவருக்கும் சேர்த்து நஷ்டம் 10,900 ரூபாய். அதிகம் இழப்பவர் முதலில் என்று பார்த்தால் 11,200. கார்புரேட்டர், இம்பெல்லர், கியர் பெட்டி என்று போனால் 7,300 தான். கியர் பெட்டியைப் பிரித்துப் போட்டால் மற்ற இருவரும் 6 மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும் அல்லவா, அதுதான் காரணம்.

படி 3: சின்ன வேலைகள் வந்துகொண்டே இருந்தால் கியர் பெட்டிக்காரர் பாவம். ஒரு நாள் தாண்டினால் அவரை முன்னால் கொண்டுவாருங்கள்.

படி 4: மெக்கானிக்கின் நேரத்தை முழுவதும் நிரப்பாதீர்கள். எஞ்சின்கள் எப்போது வரும், வேலை எவ்வளவு இழுக்கும் என்று தெரியாத இடத்தில், நேரத்தில் 80 சதவீதம் நிரம்பினால் சராசரியாக 4 எஞ்சின் கடையில் கிடக்கும். 90 ஆனால் 9.

விசைப்படகு வேலையும் எடுப்பவர்களுக்கு இன்னொன்று. இந்த மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் மாதத்தில் அந்த எஞ்சின் கிடந்தாலும் நஷ்டமில்லை, எண் கிட்டத்தட்ட 0. வள்ள வேலை இல்லாத நேரத்தில் அதைத் தொடுங்கள். ஆனால் ஜூலை பாதிக்குள் முடித்துவிடுங்கள். கடைசி வாரம் எல்லாப் படகுக்காரர்களும் ஒன்றாக வந்து நிற்பார்கள்.