புள்ளைங்களைக் கூட்டிட்டு கிராமத்து கிறிஸ்மஸுக்குப் போறது எப்படி (தூத்துக்குடி, நெல்லை பக்கம்)

மால்ல பிளாஸ்டிக் மரத்துக்குக் கீழ நின்னு செல்ஃபி எடுக்கறதுதான் கிறிஸ்மஸ்னு நினைச்சிட்டிருக்கற சிட்டி புள்ளைங்களை ஒரு தடவையாவது நாசரேத், சாத்தான்குளம், திசையன்விளை பக்கம் கூட்டிட்டுப் போங்க. நீங்க கிறிஸ்டியனா இல்லாட்டியும் பரவால்ல, அந்த ஊர்கள்ல பண்டிகைங்கறது கோயில் (சர்ச்சை அங்க அப்படித்தான் சொல்லுவாங்க), தெரு, அடுப்படி எல்லாம் சேர்ந்ததுதான்.

முதல் வேலை தெரிஞ்ச வீடு ஒண்ணு பிடிக்கறது. ஆபீஸ்ல, அபார்ட்மென்ட்ல கேட்டுப் பாருங்க, அந்தப் பக்கத்து ஆள் யாராவது இருப்பாங்க, "வாங்க வாங்க"ன்னு அவங்களே இழுத்துட்டுப் போவாங்க. லாட்ஜ்ல ரூம் போட்டும் போகலாம்தான், ஆனா கோயிலை மட்டும் பாத்துட்டு வருவீங்க, வீட்டுக்குள்ள நடக்கறது எதுவும் கண்ணுல படாது. ஒரே ஊர்ல இருங்க, 25ஆம் தேதி நாலு ஊர் சுத்தணும்னு பிளான் போடாதீங்க.

ரயில் டிக்கெட் இப்ப 60 நாளுக்கு முன்னாடிதான் ஓப்பன் ஆகுது, அதனால டிசம்பர் 23 கிளம்பணும்னா அக்டோபர் 24 காலைல எட்டு மணிக்கு போனோட உக்காந்துடுங்க, கொஞ்சம் அசந்தா வெயிட்டிங் லிஸ்ட்தான். எழும்பூர்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறினா நாசரேத்லயே இறங்கிக்கலாம், கிடைக்கலன்னா நெல்லை எக்ஸ்பிரஸ்ல திருநெல்வேலி போய் கார் எடுத்துக்கலாம். மழையை மட்டும் லேசா எடுத்துக்காதீங்க. 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 94 செ.மீ. மேல கொட்டுச்சு, இதே செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல சுமார் 800 பேரோட வெள்ளத்துல மாட்டி நின்னுச்சு. கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வானிலை அறிக்கையைப் பாருங்க, கைக்குழந்தை இருந்தா பால் பவுடர், மருந்து கொஞ்சம் கூடுதலாவே வச்சுக்கங்க.

கட்டிடம் பாக்கணும்னா 24ஆம் தேதி பகல்லயே பாத்து முடிச்சிருங்க. மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலய கோபுரம் 192 அடி, பனங்காட்டுக்கு நடுவுல தூரத்துலருந்தே ஊசி மாதிரி தெரியும், யாரு முதல்ல பாக்கறாங்கன்னு கார்ல புள்ளைங்களுக்குப் போட்டி வைங்க. அங்கேர்ந்து சாத்தான்குளம் வழியா வந்தா முதலூர், 1799ல கிறிஸ்தவங்களுக்குன்னே உண்டாக்கின ஊர் அது, இப்ப அந்தப் பேரைச் சொன்னாலே ஜனங்களுக்கு ஞாபகம் வர்றது தேங்காப்பால் ஊத்திக் கிண்டற மஸ்கோத் அல்வாதான். இன்னும் டைம் இருந்தா திசையன்விளை தாண்டி இடையன்குடி, திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதின கால்டுவெல் 1841ல வந்து குடியிருந்த ஊர், அவர் கட்டி 1880ல பிரதிஷ்டை பண்ணின கோயிலுக்குள்ளேயே அவர் கல்லறையும் இருக்கு, தமிழ் படிக்கற புள்ளைங்க வீட்ல இருந்தா இதை விட்றாதீங்க.

கேரல் ரவுண்ட்ஸ் என்னைக்குன்னு போறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க, ஏன்னா சில ஊர்ல முன்னாடியே முடிச்சிருவாங்க, சில ஊர்ல 24 ராத்திரி வரைக்கும் ஓடும். என்னைக் கேட்டா மொத்த ட்ரிப்லயும் பெஸ்ட் இதுதான், டிரம்ஸ், ஆர்மோனியம், முகமூடி போட்ட கிறிஸ்மஸ் தாத்தா, பின்னாடி தெருவுல இருக்கற அத்தனை பொடிசும், ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் ஒரு பாட்டு ஒரு ஜெபம், அப்புறம் காப்பியோ கேக்கோ. உங்க புள்ளைங்களையும் அந்தக் கூட்டத்துல சேத்து விடுங்க, பாட்டு தெரியலன்னா கை தட்டட்டும். தாத்தாவைப் பாத்து சின்னதுங்க அலறும், அது சகஜம். நீங்க தங்கற வீட்டு வாசலுக்கு வரும்போது காணிக்கை கவர் ஒண்ணு ரெடியா வைங்க, எவ்வளவு போடலாம்னு அந்த வீட்டுப் பெரியவங்ககிட்டயே கேட்டுக்கறது நல்லது.

அப்புறம் தூக்கம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட் சபை) ஊர்னா ஆராதனை அதிகாலைல மூணு, நாலு மணிக்கே ஆரம்பிச்சிரும், கத்தோலிக்க ஊர்னா 24 நடுராத்திரி பூசை, குடில்ல குழந்தை இயேசுவை வைக்கறதும் அப்பதான். எதுவா இருந்தாலும் 24 மத்தியானம் புள்ளைங்களை வலுக்கட்டாயமா படுக்க வச்சிருங்க, ஸ்வெட்டர் தேவையில்லை, தலைக்கு ஒரு துணி போதும். செருப்பு வெளியில, கிராமத்துல நிறைய இடத்துல ஆம்பளைங்க ஒரு பக்கம் பொம்பளைங்க ஒரு பக்கம், பெண்கள் சேலை முந்தானையோ துப்பட்டாவோ தலைல போட்டுக்குவாங்க, பாத்து அதே மாதிரி பண்ணிக்கங்க. திருவிருந்துக்கு (அப்பமும் திராட்சை ரசமும் வாங்கற சடங்கு) எல்லாரும் எழுந்து போறாங்களேன்னு நீங்களும் வரிசைல நிக்காதீங்க, அது சபைல சேந்தவங்களுக்கு மட்டும், உக்காந்தே இருந்தா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. முடிஞ்சதும் ஐயருக்கு (பாஸ்டர்தான்) ஒரு வணக்கம் சொல்லிட்டு வாங்க.

வெளிய வந்ததும் கைகுலுக்கல், புதுத்துணி, வெடி, அப்புறம் வீடு வீடா பலகாரத் தட்டு. முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்துன்னு வந்துகிட்டே இருக்கும், எல்லாத்துலயும் ஒண்ணு எடுத்துக்கங்க, வேண்டாம்னு சொன்னா விட மாட்டாங்க. மத்தியானம் பிரியாணி வேற இருக்கு, அதுக்கும் வயித்துல இடம் வைங்க. வெறுங்கையோட போகாதீங்க, ஆனா கேக் வாங்கிட்டுப் போறது வேஸ்ட், அங்க ஏற்கனவே குவிஞ்சு கிடக்கும். பழம் கொண்டு போங்க, இல்ல அந்த வீட்டுப் பாட்டிக்கு ஒரு சேலை எடுத்துட்டுப் போங்க.

திரும்பறப்ப உடன்குடி கருப்பட்டி, தூத்துக்குடி மக்ரூன் ரெண்டும் வாங்கலாம். மக்ரூனை காத்துப் புகாத டப்பாவுல போட்டு மேல வைங்க, பைக்கு அடியில வச்சா எழும்பூர் வர்றதுக்குள்ள தூளாயிரும்.